பார்சலில் வந்த பெடல்கள்

மே 4

என் அருமை மருமகள் சுள்ளிக்கு,

மைக்செட் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அத்தை நலம், ஒலிபெருக்கிகள் அனைத்தும் நலம். ஒன்றில் மட்டும் லேசாகக் கரகரப்பு. அதுவும் என் குரல் கம்பீரத்தைத் தாங்க முடியாததால் வந்தது என்று ரிப்பேர்காரரே சொல்லிவிட்டார்.

நான் ஃபோன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. உன் அம்மா பண்ணினால் எடுக்கிறாய். கூடப் பிறந்த அக்காவிடமே பொறாமைப்பட வைக்கிறாயே, இது நியாயமா?

நேற்றைய பந்தயத்தில் பாதியிலேயே இறங்கிவிட்டாய் என்று உன் கிளப் தோழி ஒருத்தி சொன்னாள். நீ கவலைப்படாதே. திங்கட்கிழமைதோறும் கடை திறந்ததும் மைக் சரிபார்க்கும் சாக்கில் உன் பந்தயச் செய்தியைக் கடைவீதி முழுக்க வாசிக்கிறேன் அல்லவா? இன்று காலையும் வாசித்தேன். டயர் வெடித்துவிட்டது, வெடித்த டயரோடு மலை உச்சிவரை ஏறினாள், பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள் என்று சொன்னேன். எதிரே மருந்துக் கடையில் கைதட்டினார்கள். மானம் காப்பாற்றப்பட்டது.

இப்போது சந்தோஷச் செய்தி. மே 24, ஞாயிறு, நம் கடைவீதிச் சங்கம் சைக்கிள் பந்தயம் நடத்துகிறது. முழு வீதியையும் அடைத்துவிடுவார்கள். நீ வருவாய் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். போஸ்டரும் அடித்தாகிவிட்டது. உன் படத்துக்குக் கீழே ‘ஓய்வறியா இரும்புக் கால்’ என்று போட்டிருக்கிறார்கள். வாசகம் யாருடையது என்று உனக்கே தெரியும். அதற்கு முந்தைய ஞாயிறும் உங்கள் பக்கம் ஏதோ பந்தயம் இருக்கிறதாமே? அதையும் ஓட்டிவிட்டு வா. சூடு ஆறாமல் இருக்கும்.

உன் புகழையே மூச்சாகக் கொண்ட,
மாமா


மே 7

மாமா,

நான் ஏன் ஃபோன் எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். எடுத்தால் ஸ்பீக்கரில் போடுவீர்கள். சுற்றி நிற்கிறவர்களிடம் ‘சும்மா ஏதாவது கேளுங்க, தங்கமான பொண்ணு’ என்பீர்கள். கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது. இதையும் மைக்கில் வாசித்தீர்கள் என்றால் அடுத்தது வராது.

டயர் வெடிக்கவில்லை. மேட்டுக்கு நடுவில் கால் நின்றுவிட்டது. வலி இல்லை, பிடிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. ஈரத் துணியைச் சுமந்துகொண்டு ஏறுவது போல இருந்தது. இறங்கி ஒரு மதில்மேல் உட்கார்ந்தேன். என் வயதில் பாதி இருக்கும் பெண்கள்கூடத் தாண்டிப் போனார்கள்.

ஒரே நாளில் வந்தது இல்லை. ஏப்ரல் முழுக்க ஞாயிறு தவறாமல் ஓட்டினேன். முதல் வாரம் மூன்றாவது வந்தேன். அடுத்த வாரம் நடுக் கும்பல். அதற்கடுத்து கடைசிக் கும்பல். ஒவ்வொரு முறையும் ‘உழைப்பு போதவில்லை’ என்று நினைத்து, செவ்வாயும் வியாழனும் இன்னும் கடுமையாக ஓட்டினேன். அதுதான் தப்பு. உடம்புக்கு நான் அடிமேல் அடி கொடுத்தேனே தவிர, ஆறுவதற்கு நாளே கொடுக்கவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே நெஞ்சு ஓடிவந்தது போல அடிக்கிறது. ராத்திரி தூக்கம் இல்லை. சலவைக் கடையில் நேற்று வேலைக்கு நடுவில் ஒரு போர்வைக்காக அழுதேன். மடிப்பு கோணலாகப் போய்விட்டதாம்.

ஜூன் 28 தேர்வுப் பந்தயம். அதில் மூன்று பேரைத் தொழில்முறை அணி ஒன்றில் எடுப்பார்கள். சம்பளம், மெக்கானிக், சாப்பாடு எல்லாம் அவர்களுடையது. வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி வருஷம். இது போனால் நான் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டும் சலவைக் கடைக்காரி. அவ்வளவுதான்.

அதனால் உங்கள் கடைவீதிக்கு வர மாட்டேன். மே 24 முடியும்வரை சைக்கிளையே தொடக்கூடாது என்று கோச் சொல்லிவிட்டார். கோச்சை நம்பலாம். என்னை நம்ப முடியாது. போன வாரமும் இப்படித்தான் ‘சும்மா கடைவரைக்கும்’ என்று ஏறி, இருட்டும்வரை ஓட்டிவிட்டு வந்தேன்.

எனவே பெடல் இரண்டையும் கழற்றி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். மே 24 முடிந்த மறுநாள் அனுப்புங்கள். அதற்கு முன்னால் நானே கேட்டாலும், அழுதாலும் கொடுக்காதீர்கள். அம்மாவிடம் கொடுத்தால் என் குரல் கேட்டதுமே உருகிவிடுவாள். உங்களிடம் ஏன் என்றால், பெடல் உங்கள் கையில் இருக்கும்போது நான் வருவேன் என்று மைக்கில் உங்களாலேயே சொல்ல முடியாது.

சுள்ளி


மே 10

மருமகளே,

பார்சல் வந்தது. நகை அனுப்பியிருக்கிறாய் என்று அத்தை ஆசையாகப் பிரித்தாள். உள்ளே மசகு நாறும் இரண்டு இரும்புத் துண்டு. அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை.

என் மனம் புண்பட்டுவிட்டது. நான் என்ன உன் காலுக்குப் பூட்டுப் போடும் ஜெயிலரா? ஓய்வு, ஓய்வு என்று எழுதியிருக்கிறாயே, நம் வம்சத்தில் யாருக்காவது ஓய்வு என்று ஒன்று இருந்ததா? என் கதையை நீ மறந்திருக்க மாட்டாய். நான் வாலிபனாக இருந்தபோது மைதானத்தில் ஏழு நாள் இரவும் பகலும் கால் தரையில் படாமல் சைக்கிள் ஓட்டினேன். குளித்தது சைக்கிளில், பல் தேய்த்தது சைக்கிளில், முகம் மழித்ததும் சைக்கிளில். ஏழாம் நாள் போட்ட மாலை என் முழங்கால்வரை தொங்கியது. மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். நான் இல்லை, பார்த்தவர்கள்.

அந்த இரத்தம்தான் உன் உடம்பிலும் ஓடுகிறது. உனக்குக் கால் நின்றுவிட்டது என்றால், அது மனசு நின்றது. ஒரு நல்ல கைதட்டல் கேட்டால் தானாக ஓடும். கைதட்டலுக்கு நான் பொறுப்பு. சங்கத் தலைவர், அந்த ஃபேன் கடைக்காரர், வழியில் பார்க்கும்போதெல்லாம் “மருமக வருதா, மருமக வருதா”ன்னு பிடுங்கி எடுக்கிறார். சனிக்கிழமை பஸ் ஏறி நானே பெடலோடு வருகிறேன். மாட்டி உட்காரவைத்துக் கையோடு கூட்டிவருகிறேன். கோச்சிடம் நான் பேசிக்கொள்கிறேன். பெரிய பெரிய மேடைகளைப் பார்த்தவன், ஒரு விசிலுக்கா பயப்படுவேன்?

மாமா


மே 13

மாமா,

வராதீர்கள். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

ஏழு நாள் கதையை நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். எப்போதும் மாலை போடும் இடத்தோடு நிறுத்திவிடுவீர்கள். மீதியை அத்தை ஒருநாள் சொல்லிவிட்டாள். ஓட்டியது நீங்கள் இல்லை, வேறொருவர். நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்து மைக்கில் பேசியவர். அது போகட்டும், அதற்காக நான் கோபப்படவில்லை. ஆனால் அந்த மனிதர் இறங்கியபிறகு என்ன ஆனார்? வீட்டுப் படி ஏற முடியாமல் ஒரு மாதம் கூடத்திலேயே படுத்திருந்தாராம். அடுத்த ஊரில் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்குப் போய் இரண்டாம் நாளே விழுந்தாராம். மூன்றாவது ஊரே இல்லை. நான் மூன்றாவது ஊர்வரை போக வேண்டும் மாமா.

சும்மா இருப்பது சுலபம் என்று நினைக்கிறீர்கள். முதல் இரண்டு நாள் செத்தவள் போல தூங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து கால் தானாகத் துடிக்கிறது. சலவைக் கடையில் மூட்டை தூக்கும் வேலையை விட்டு, உட்கார்ந்து மடிக்கும் மேசைக்கு மாற்றிக் கேட்டேன். முதலாளியம்மா “உடம்பு சரியில்லையா?”ன்னு கேட்டாங்க. “இல்லம்மா, சரியாக்கிட்டு இருக்கேன்”ன்னு சொன்னேன். ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே கிளப் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போகும்போது தலையணையை முகத்தில் வைத்துக்கொள்கிறேன். ஓட்டும்போது வரும் பிடிவாதம் எனக்குப் பழக்கம். ஓட்டாமல் இருக்கும் பிடிவாதம் புதுசு. பழகிக்கொண்டிருக்கிறேன்.

தலைவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். ஒருமுறையாவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சுள்ளி


மே 16

மருமகளே,

உன் அத்தைக்கு வாய் நீளம். அந்த ஏழு நாளும் கண் மூடாமல் மைக்கில் பேசியவன் நான். ஓட்டியவனாவது அவ்வப்போது கைப்பிடிமேல் சாய்ந்து கண்ணயர்ந்தான். யார் சாதனை பெரிது என்று சரித்திரம் சொல்லும். இருக்கட்டும். அவன் படி ஏற முடியாமல் கிடந்தது உண்மைதான். நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பகுதிக்குக் கைதட்டல் வராது, அதனால் சொல்வதில்லை.

பஸ் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தலைவர் கடைக்குப் போனேன். அவர் ஸ்டூல்மேல் நின்று ஒரு ஃபேனை மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்னய்யா, மருமக வரலைன்னு காத்துவாக்குல கேள்விப்பட்டேன்?”

“வரலைன்னு யார் சொன்னா? வர முடியாத அளவுக்குப் பயிற்சி நடக்குது.”

“என்ன பயிற்சி?”

“படுக்கிற பயிற்சி.”

“யோவ், ஸ்டூல்மேல நிக்கிறேன். சிரிக்க வைக்காத.”

“சிரிக்கிற விஷயமில்ல தலைவரே. பொண்ணு காலு தேஞ்சுபோச்சு. அடுத்த மாசம் வாழ்க்கையே அடங்கின பந்தயம். இப்ப இங்க ஓட்டினா அங்க ஓட்ட முடியாது.”

நீ சொன்னபடி உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் தொங்கிவிட்டது. “போஸ்டர் ஒட்டியாச்சேய்யா. சுவர் சுவரா உன் மருமக சிரிக்கிறா”ன்னு புலம்பினார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கொஞ்சம் மெருகு போட்டேன். இது அதிநவீன ரகசியப் பயிற்சி, குதிரைகளுக்கு மட்டும் கொடுத்து வந்தது, மனுஷருக்கு இப்போதுதான் கொடுக்கிறார்கள், படுத்த இடத்தில் தசை தானாக வளரும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் வீதி நம்பிவிட்டது. தையல்காரர் மதியம் கடையைச் சாத்திவிட்டுப் படுக்கிறார். கேட்டால் “பயிற்சி” என்கிறார்.

ஆனாலும் தலைவர் ஒரு வார்த்தை சொன்னார். “கடைசி நிமிஷத்துல மனசு மாறினாலும் சரி, கார் அனுப்புறேன்.” அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

மாமா


மே 18

மாமா,

பெடலை உடனே அனுப்புங்கள். அவசரத் தபாலில்.

நேற்று இங்கே பந்தயம். நான் போகவே கூடாது என்றிருந்தேன், போய்விட்டேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நெட்டை ஜெயித்தாள். உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனே, எப்போதும் என் சக்கரத்தை ஒட்டியே வருவாளே, அவள்தான். கடைசி மேட்டில் எழுந்து நின்று ஒரே மிதி, அவ்வளவு பேரும் பின்னால் போய்விட்டார்கள். ஜெயித்துவிட்டு வேலிப்பக்கம் வந்து “எங்க காணோம்? ஓய்வு பெற்றாச்சா?”ன்னு கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். அதனால்தான் இன்னும் வலித்தது.

நான் படுத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அவர்கள் ஒரு நாள் முன்னால் போகிறார்கள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். தூக்கம் வருகிறது, காலையில் நெஞ்சு அடங்கியிருக்கிறது. போதும் இந்த ஓய்வு. கடைவீதிப் பந்தயம் சின்னதுதானே, உங்களுக்காக அதையும் ஓட்டிவிடுகிறேன். தலைவர் காரை அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் மானமும் நிற்கும்.

முன்னால் எழுதியதை மறந்துவிடுங்கள். கோச்சிடம் சொல்ல வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன் மாமா.

சுள்ளி


மே 21

மருமகளே,

உன் கடிதத்தைப் படித்ததும் நான் துள்ளிக் குதித்தேன் என்றுதான் எழுத வேண்டும். உண்மையும் அதுதான். நான் ஆசைப்பட்டது ஒவ்வொன்றும் அதில் இருந்தது. கார், வீதி, மைக், நீ.

பெடலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன். வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் “உள்ளே என்ன சார்?”ன்னு கேட்டாள். நான் யாரிடமும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னவன் இல்லை, உனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. “உடையிற பொருளா?”ன்னு அடுத்துக் கேட்டாள். பின்னால் நின்றவர் இருமினார். நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். “ஏங்க, அங்க கடையில பெடலே கிடைக்காதா? அவ ஊர் பூரா சைக்கிள் கடைன்னு நீங்கதானே பீத்துவீங்க”ன்னா.

கிடைக்கும். உன் கிளப்பில் கேட்டால் ஒரு பழைய ஜோடியை யாராவது சும்மாவே கொடுப்பார்கள். நீ எழுந்து அங்கே போகவில்லை. உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். தபால் வந்து சேர மூன்று நாள், பெடல் போய்ச் சேர மூன்று நாள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறாய். யாராவது ஒருவர் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டும் என்று உனக்கு இருந்திருக்கிறது.

முடியாது.

பார், இவ்வளவு சின்னச் சொல்லை நான் எழுதியதே இல்லை. கை கூசுகிறது.

பெடல் என் மைக் பெட்டிக்குள் இருக்கிறது. 25ஆம் தேதி புறப்படும். அதற்கு முன் நீ வாசலில் வந்து உருண்டு அழுதாலும் கிடைக்காது. தலைவரிடம் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்லாகிவிடலாம். அத்தை மட்டும் மத்தியானத்திலிருந்து என்னை யாரோ புது மாப்பிள்ளை வந்தது போல் பார்க்கிறாள். காபியில் சர்க்கரைகூடச் சரியாக இருக்கிறது.

மாமா


மே 25

மருமகளே,

சொன்ன தேதி, சொன்ன பொருள். இதோ உன் பெடல்கள். அத்தை பழைய பல் பிரஷ்ஷால் துலக்கியிருக்கிறாள்.

நேற்றைய பந்தயம் என் வர்ணனையால் அமோக வெற்றி. கூட்டம் கடல் என்று எழுதலாம். எழுதவில்லை. உன் படம் பார்த்து வந்தவர்கள் பாதிப் பேர் நீ இல்லை என்றதும் போய்விட்டார்கள். தலைவர் மேடைக்கு வந்து என் காதில் “நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்யா உன்னால”ன்னு சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வருஷம் மைக் வேறு ஆளுக்காம்.

கூட்டத்தில் ஒருவன் “இரும்புக் கால் எங்கய்யா? துருப்பிடிச்சிடுச்சா?”ன்னு கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். மைக் என் கையில். குதிரைக் கதையைச் சொல்லியிருந்தால் அவர்களையும் என் பக்கம் இழுத்திருப்பேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அது இரும்பு இல்ல. சதை. களைச்சுப் போச்சு. தூங்குது.” அவ்வளவுதான். கைதட்டல் இல்லை. பரவாயில்லை.

உன் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. மெருகு இல்லாமல்.

மாமா


ஜூன் 9

மாமா,

நீங்கள் பெடலை அனுப்பாத அன்று உங்கள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். ஒட்டும்போது ‘முடியாது’ என்ற வார்த்தை மட்டும் கிழியாமல் முழுசாக இருந்தது. உங்களுக்கு மைக் போனது தெரிந்தபிறகு ஆத்திரம் எங்கே போனது என்று தெரியவில்லை. மன்னிப்பு எல்லாம் கேட்க மாட்டேன். நேரில் வந்து உங்களோடு ஒருநாள் பூரா கடையில் உட்கார்ந்து நீங்கள் சொல்வதை எல்லாம் கேட்கிறேன். ஸ்பீக்கரில் போட்டாலும் சரி.

கால்: பெடல் மாட்டிய முதல் வாரம் மெதுவாக மட்டும் ஓட்டச் சொன்னார் கோச். எவ்வளவு மெதுவாக என்றால், பேச்சுத் துணைக்கு யாராவது வந்தால் மூச்சு வாங்காமல் வம்பளக்கலாம், அவ்வளவு மெதுவாக. ரொட்டிக் கூடை கட்டிய தாத்தா ஒருவர் மணியடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். தாண்டிவிட்டுத் திரும்பி “உடம்பைப் பாத்துக்கம்மா”ன்னார். கால் தானாக அழுத்தப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். தினமும் தாண்டுகிறார். இப்போது கையசைக்கிறார்.

இரண்டாம் வாரம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அழுத்தி ஓட்டச் சொன்னார். கால் நின்றுபோன அந்த மேட்டுக்கு நேற்றுப் போனேன். ஏறிவிட்டேன். அடித்துப் பிடித்து இல்லை, சும்மா ஏறினேன். மேலே போய்த்தான் ஏறியதே தெரிந்தது. 14ஆம் தேதி ஒரே ஒரு சின்னப் பந்தயம், உடம்பைத் தட்டியெழுப்ப மட்டும். ஜெயிக்கக் கூடாதாம். கும்பலோடு போய்க் கும்பலோடு வர வேண்டுமாம். பிறகு 28வரை குறைத்துக் குறைத்து ஓட்டுவது.

நான் ஜெயிப்பேனா என்று கேட்காதீர்கள். தெரியாது. ஆனால் அன்று காலையில் புதுசாக எழுந்து நிற்பேன். அது மட்டும் என் கையில் இருக்கிறது.

சுள்ளி


ஜூன் 24

மருமகளே,

28ஆம் தேதி பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு மைக் ஒப்புக்கொண்டுவிட்டேன், வர முடியாது. வந்தால் வழியெல்லாம் கத்தி உன்னை ஓடவைத்துவிடுவேன் என்று அத்தைக்குப் பயம். எனக்கும்தான்.

திங்கட்கிழமை மைக்கில் உன்னைப் பற்றி ஒன்றும் வாசிக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் இறங்கி வந்து “மைக் கெட்டுப்போச்சா?”ன்னு கேட்டார். “இல்ல, அதுக்கும் ஓய்வு”ன்னு சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும். நீ பத்தாவதாக வந்தாலும் அதையே எழுது. பத்தை ஒன்றாக்கத் தெரிந்தவன்தான் நான். ஆனால் இந்த முறை பத்தாகவே கேட்டுக்கொள்கிறேன்.

மாமா


ஜூன் 29

மாமா,

இரண்டாவது வந்தேன். அணியில் எடுத்துவிட்டார்கள்.

நெட்டைதான் ஜெயித்தாள். வாராவாரம் ஓட்டியும் அவள் உடம்பு தாங்குகிறது. அது அவள் உடம்பு. கடைசிச் சுற்றுக்கு முன் எனக்கு முன்னால் ஐந்தாறு பேர் இருந்தார்கள். காற்று எதிர்க்காற்று. ஒவ்வொருத்தி முதுகையும் பார்த்துக்கொண்டே போனேன். தோள்கள் இடமும் வலமும் ஆடத் தொடங்கின. ஏப்ரலில் என் தோள் ஆடியதும் அப்படித்தான். குனிந்து என் கையைப் பார்த்தேன், ஆடவில்லை. அந்த இடத்தில் அழுத்தினேன். கால் இருந்தது மாமா. கேட்டதைக் கொடுத்தது. நெட்டையின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் கோட்டைக் கடந்தேன். அவள் திரும்பிப் பார்த்து “அடிப்பாவி, எங்கடி இருந்த இவ்வளவு நாள்?”ன்னா. “படுத்திருந்தேன்”ன்னு சொன்னேன்.

கையெழுத்துப் போட்டபிறகு அணி மேனேஜர் கேட்டார். “அடுத்த ஞாயிறு ஒரு பந்தயம் இருக்கு. மூணு பேரும் வர்றீங்கதானே?” மற்ற இருவரும் உடனே தலையாட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

“நான் வரல சார். ஒரு வாரம் ஓட்ட மாட்டேன். அதுக்கு அடுத்த பந்தயத்துக்கு வர்றேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “சரி” என்று மட்டும் சொன்னார். நல்ல ‘சரி’யா, கெட்ட ‘சரி’யா, முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கோச் பக்கத்தில்தான் நின்றார், எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் நல்லதுதான். இனிமேல் நான்தானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

இப்போது மதியம். ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல். கீழே தெருவில் யாரோ ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சங்கிலி நன்றாக எண்ணெய் போட்ட சங்கிலி. நல்ல வேகம். யார் என்று எழுந்து பார்க்கப் போவதில்லை.

சுள்ளி